கணினிக்குத் தமிழ் கற்பித்தவர்கள்



கணினியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் தோட்டப்புறப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. "அந்தப் பெட்டிக்குள்ளே அப்படி என்னதான் இருக்கு?" என்பது ஒன்று. "அதுக்கு இங்கிலீசுதானே தெரியும், பிள்ளைக்கு அப்புறம் தமிழ் எதுக்கு?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குப் பாடநூலில் விடை உண்டு. இரண்டாவது கேள்விக்கு வரலாற்றைப் புரட்டித்தான் விடை காண வேண்டும். அந்த வரலாற்றின் பெரும்பகுதி நமக்கு அண்டையில், ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தால் வரும் சிங்கப்பூரில் நடந்தது. இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் கணினி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். நம் தோட்டத்துக் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரட்டு நடக்கும். வந்தவர் யார், வராதவர் யார் என்று பெயர் பதிவாகும். பகலில் பால் நிறுக்கும் இடத்தில் ஒவ்வொருவருடைய பாலின் எடையும் குறிக்கப்படும். இவை எல்லாம் செக்ரோல் புத்தகத்தில் ஏறும். மாதக் கடைசியில் கிராணி புத்தகத்தைத் திறந்து, நாள் கூலியைப் பெருக்கி, கூடுதல் பாலுக்கு உரியதைக் கூட்டி, முன்பணத்தைக் கழித்துச் சம்பளச் சீட்டு எழுதுவார்.

கணினியும் இந்த வேலையைத்தான் செய்கிறது. பெயரும் எடையும் உள்ளே போவதற்கு உள்ளீடு என்று பெயர். செக்ரோல் புத்தகத்தின் இடத்தில் இருப்பது நினைவகம். கூட்டிக் கழிக்கும் கிராணியின் மூளைக்குச் சமமானது செயலகம். கையில் கிடைக்கும் சம்பளச் சீட்டு வெளியீடு. எதை முதலில் பெருக்குவது, எதைப் பிறகு கழிப்பது என்று துரை கிராணிக்குச் சொல்லி வைத்திருக்கும் முறை இருக்கிறதே, அதற்கு நிரல் என்று பெயர். நிரல் இல்லாத கணினி, கட்டளை இல்லாத கிராணி போலச் சும்மா உட்கார்ந்திருக்கும். நிரல் தவறாக இருந்தால் கணக்கும் தவறாகவே வரும். கணினி மனிதனைவிட மிக விரைவாகக் கணக்குப் போடும் என்பதுதான் அதன் சிறப்பு. சொந்தமாக அதற்கு எந்த மொழியும் தெரியாது.

இந்தக் கடைசிச் செய்தியை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினிக்குத் தமிழ் தெரியாது என்பது எவ்வளவு உண்மையோ, ஆங்கிலம் தெரியாது என்பதும் அவ்வளவு உண்மை. அதற்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள். விளக்குச் சுவிட்சைப் போல, ஒன்று மின்சாரம் இருக்கும், இல்லையேல் இராது. இருந்தால் 1 என்றும் இல்லாவிட்டால் 0 என்றும் எழுதுகிறோம். ஏழு விளக்குகளை வரிசையாக வைத்துச் சிலவற்றை ஏற்றியும் சிலவற்றை அணைத்தும் பார்த்தால் 128 வகைக் கோலங்கள் கிடைக்கும். எட்டு விளக்கு வைத்தால் 256 கோலங்கள். 'இந்தக் கோலத்துக்கு இந்த எழுத்து' என்று மனிதர்கள் கூடி முடிவு செய்தார்கள். ஆங்கிலத்தின் முதல் எழுத்துக்கு 65 என்று எண் கொடுத்தார்கள். கணினிக்குள் அது 1000001 என்று நிற்கும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் கணினி வளர்ந்தபடியால் அந்த மொழிக்கு முதலில் எண் கிடைத்தது. தமிழுக்கு எண் கொடுக்க யாராவது உட்கார வேண்டியிருந்தது.

சிங்கப்பூருக்குக் கணினி வந்த விதம் உழைப்பாளர்களுக்குச் சுவையான செய்தி. அங்கே அரசுத் துறையில் முதன்முதலாகக் கணினி வைத்தது மத்திய சேமநிதிக் கழகம், ஆண்டு 1963. நம் ஊழியர் சேமநிதி போன்ற அமைப்பு அது. இலட்சக்கணக்கான தொழிலாளர்களின் மாதச் சந்தாவைத் தவறில்லாமல் வரவு வைப்பது கையால் எழுதி முடிகிற காரியமாக இல்லை. ஆகவே அந்தத் தீவில் அரசின் முதல் கணினி தொழிலாளியின் சேமிப்பை எண்ணுவதற்காகவே வந்தது எனலாம்.

1981-ஆம் ஆண்டில் தேசியக் கணினி வாரியம் அமைந்தது. அரசு அலுவலகங்களைக் கணினிமயமாக்குவதும், கணினி தெரிந்தவர்களை உருவாக்குவதும் அதன் பணி. 1989-ஆம் ஆண்டில் டிரேட்நெட் என்ற ஏற்பாடு தொடங்கியது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் வணிகர்கள் தாள்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த நிலை மாறி, கணினி வழியாக நிமிடக் கணக்கில் அனுமதி கிடைக்கத் தொடங்கியது.

உறவினரைப் பார்க்கச் சிங்கப்பூருக்குப் போனவர்களுக்குத் தேக்கா தெரியும். சிராங்கூன் சாலையில் பூக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் பார்த்துக்கொண்டு ரோச்சோர்க் கால்வாய்ச் சாலைப் பக்கம் வந்தால், 1987-இல் திறந்த சிம் லிம் சதுக்கம் நிற்கும். மாடி மாடியாக அங்கே கணினியும் அதன் உறுப்புகளும் விற்றார்கள். லிட்டில் இந்தியாவின் விளிம்பிலேயே கணினிச் சந்தை வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள்ளே தமிழ் இல்லை.

அது எவ்வளவு கவலைக்குரிய காலம் என்பதையும் அறிய வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும் அங்கிருந்த கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆயிற்று. தமிழ் ஒரு பாடமாக மட்டும் நின்றது. பள்ளியில் ஆங்கிலம், அலுவலகத்தில் ஆங்கிலம், புதிதாக வந்த கணினியிலும் ஆங்கிலம் என்றால், தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சினார்கள். அச்சத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் புதிய எந்திரத்துக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1887-ஆம் ஆண்டிலேயே அங்கே 'சிங்கை நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகை அச்சாயிற்று. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அடித்த காலம் அது. அடுத்துத் தட்டச்சுப் பொறி வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து, பின்பு சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சைப் பார்த்த அவருக்குத் தமிழுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது.

இடர்ப்பாடு என்னவென்றால், தமிழ் எழுத்து 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஒரு தட்டச்சுப் பொறியில் அத்தனை விசை வைக்க இயலாது. முத்தையா 'நகரா விசை' என்ற உத்தியைக் கையாண்டார். சாதாரணமாக ஒரு விசையைத் தட்டினால் தாள் ஓரெழுத்து தூரம் நகரும். நகரா விசையைத் தட்டினால் தாள் நகராது. முதலில் புள்ளியைத் தட்டி, அதே இடத்தில் 'க' என்ற எழுத்தைத் தட்டினால் 'க்' கிடைத்துவிடும். எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, பிறகு சேர்ப்பதுதான் அதன் சூட்சுமம். அவர் வகுத்த பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரை இன்றும் போற்றுகிறோம்.

கணினிக் காலத்தில் அதே பணியை ஏற்றவர் நா. கோவிந்தசாமி. 1946-இல் பிறந்த சிங்கப்பூர்த் தமிழர், ஆசிரியர், சிறுகதையும் நாவலும் எழுதியவர். 'வேள்வி' அவருடைய நாவல். தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதை 1994-இல் பெற்றார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில், தமிழாசிரியர் ஆகப்போகிறவர்களுக்கு விரிவுரையாளராக இருந்தார். தமிழ்ப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர் தமிழுக்கென விசைப்பலகையும் எழுத்துருவும் உருவாக்கியதுதான் இந்த வரலாற்றின் வியப்பு. தம் மென்பொருளுக்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். கணிப்பவன் கணியன். எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லா மக்களையும் உறவாகவும் கருதிப் பாடிய சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும் அந்தப் பெயர் நினைவூட்டும். உலகெங்கும் சிதறி வாழும் தமிழரை ஒரு வலையில் சேர்க்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

அப்போது இணையம் பரவத் தொடங்கிய நேரம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய சீனர் டான் டின் வீ என்ற பேராசிரியர், ஆங்கிலம் அல்லாத மொழிகளும் இணையத்தில் ஏற வேண்டும் என்று முயன்றார். கோவிந்தசாமியும் அவரும் கைகோத்தார்கள். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத் தொகுப்பு ஒன்று 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியாயிற்று. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடக்கி வைத்தார். ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழ்க் கவிதையும் திரையில் தமிழ் எழுத்திலேயே தோன்றியது. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நிகழ்ச்சிகளுள் இது முதன்மையானதாகப் போற்றப்படுகிறது. தமிழாசிரியரும் சீனப் பேராசிரியரும் சேர்ந்து செய்த காரியம் இது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதோடு சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. அதையும் தோட்டத்து உவமையாலேயே விளக்குகிறேன். ஒரு லயத்தில் வீடுகளுக்கு எண் இருக்கிறது. '12-ஆம் எண் வீட்டில் கொடு' என்று எழுதிக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறீர்கள். உங்கள் பட்டியலில் 12-ஆம் எண் முனியம்மா வீடு. தபால் கொண்டு போகிறவர் பட்டியலில் அது வேலு வீடு. கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடும் அல்லவா? தமிழ் எழுத்துகளுக்கும் இதுதான் நேர்ந்தது. ஆங்காங்கே தமிழர்கள் தனித்தனியே எழுத்துரு செய்தார்கள். ஒருவர் ஓர் எண்ணில் 'க' வைத்தார். வேறொருவர் அதே எண்ணில் 'ப' வைத்தார். கோலாலம்பூரில் தட்டி அனுப்பிய கடிதம் சென்னையில் திறந்தபோது புரியாத கிறுக்கலாகத் தெரிந்தது. அனுப்பியவரிடமும் பெறுபவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தால் மட்டுமே படிக்க முடிந்தது.

பொதுப் பட்டியல் ஒன்று வேண்டும் என்று எல்லாரும் உணர்ந்தார்கள். 1997-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழ் வல்லுநர்கள் அங்கே ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு நடந்தது. அதிலிருந்து 'தமிழ்99' என்ற பொது விசைப்பலகை பிறந்தது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி தம் 53-ஆம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரிலேயே மாநாடு கூடி, 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று.

தமிழ்99 விசைப்பலகையின் அழகைச் சற்றுப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31-ஐ விசைகளில் வைத்தால் போதும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்க்குரியவை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'க' என்று தட்டி 'இ' என்று தட்டினால் 'கி' தோன்றும். 'க' தட்டி 'ஓ' தட்டினால் 'கோ' தோன்றும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று முதல் வகுப்பில் நாம் சொல்லிக் கொடுக்கும் இலக்கணம்தான் இது. அரிச்சுவடி தெரிந்த பிள்ளை தமிழில் தட்டக் கற்றுக்கொள்வதற்கு ஆங்கில அறிவு சிறிதும் தேவையில்லை.

வீட்டு எண் குழப்பத்தைத் தீர்த்தது யூனிகோடு என்னும் ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியலில் தனித்தனி எண் கொடுப்பது அதன் நோக்கம். 1991-இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதன்படி 'அ' என்பதன் எண் 2949. 'க' என்பதன் எண் 2965. எந்த நாட்டில் தட்டினாலும் இதே எண்தான். ஆனால் பட்டியலில் இருந்தால் போதாது. கணினிகளும் அதை ஏற்க வேண்டும். 2000-இல் வந்த விண்டோஸ் தமிழ் ஒருங்குறியை ஏற்றது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இன்று உங்கள் கைப்பேசியில் ஈப்போவிலிருந்து திருச்சிக்குத் தமிழில் செய்தி போய்ச் சேருகிறதென்றால், இந்தப் பொது எண்ணே காரணம்.

இந்த வரலாற்றில் நம் தோட்டப்புறத்துக்கும் பங்கு உண்டு. சிலாங்கூரில் கேரித் தீவு என்று ஒரு தோட்டப் பகுதி இருப்பதை அறிவீர்கள். அங்கிருந்து வந்தவர்கள்தாம் கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறனும் அவர் மகன் முத்து நெடுமாறனும். 1980-களின் நடுவிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவரும் வேலையில் முத்து நெடுமாறன் இறங்கினார். 'முரசு அஞ்சல்' என்ற அவருடைய மென்பொருள் பல நாடுகளில் பரவியது. பிறகு கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கான 'செல்லினம்' 2005-ஆம் ஆண்டுத் தைப்பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அதற்குத் துணை நின்றது அந்நாட்டின் ஒலி 96.8 தமிழ் வானொலி. தோட்டப்புறத்து மண்ணில் வேர்விட்ட முயற்சி ஒரு வானொலியின் கைபிடித்து உலகுக்குப் போனது என்று சொல்லும்போது, வானொலி நேயர்களாகிய நமக்குப் பெருமை இருக்கத்தானே செய்யும்?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கணினிக் கல்வி எப்படி வளர்ந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997-இல் கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கான பெருந்திட்டம் வந்தது. 200 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். 2002-க்குள் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி என்பது இலக்கு. பெட்டிகளை வாங்கி அடுக்குவதோடு நிற்காமல் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி இல்லாத ஆசிரியர் கையில் கணினி, பூட்டிய அலமாரிதான்.

அத்தனை வசதி உள்ள நாட்டிலும் 2020-இல் கொவிட் நோய் பரவிப் பள்ளிகள் வீட்டுக்கு வந்தபோது, கணினி இல்லாத வீடுகள் இருந்தது தெரிய வந்தது. பள்ளிகள் கணினிகளை இரவல் கொடுத்தன. உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற திட்டத்தை 2021 இறுதிக்குள் முடிக்க விரைவுபடுத்தினார்கள். அதே 2020-இல் முதியோருக்குக் கைப்பேசிப் பயன்பாட்டைக் கற்றுக்கொடுக்க 'மின்னிலக்கத் தூதர்கள்' என்போரை அமர்த்தினார்கள். எழுபது வயதில் கற்கலாம் என்று அங்கே ஏற்பாடு செய்திருக்கும்போது, நாற்பது வயதில் நமக்கென்ன தயக்கம்?

தமிழ் நூல்களுக்கும் அங்கே நல்ல காலம் பிறந்தது. சிங்கப்பூர் விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டான 2015-இல், அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350-ஐ மின்வடிவில் ஏற்றினார்கள். கரையான் அரித்துப் போயிருக்கக்கூடிய புத்தகங்கள் இனி எவரும் படிக்கக் கிடைக்கும்.

இனி, நம் வீடுகளில் என்ன செய்யலாம்? கணினி வாங்கிய பிறகுதான் கணினிக் கல்வி என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கையிலுள்ள கைப்பேசியும் கணினிதான். உள்ளீடு, நினைவகம், செயலகம், வெளியீடு எல்லாம் அதற்குள்ளும் இருக்கின்றன. அதில் தமிழ் விசைப்பலகையை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை விட்டுப் பாட்டிக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் தட்டச் சொல்லுங்கள். 'அம்மா நல்லா இருக்கியா' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிய கை, தமிழெழுத்தை மறந்துவிடும். அதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. மாதச் சம்பளம், மளிகைச் செலவு, கடன், மிச்சம் இவற்றை ஒரு பட்டியலாக்கிக் கூட்டிப் பார்க்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அதுவே அவனுடைய முதல் கணினிப் பாடம். பள்ளியில் கணினி அறை இருந்தால், வாரத்துக்கு எத்தனை முறை அது திறக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அழைத்து, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டால் சொல்லக் கூடாது. பரிசு விழுந்தது என்று செய்தி வந்தால் நம்பித் தொடக் கூடாது. கைநாட்டு வைக்கச் சொல்லி நம் தாத்தாக்களை ஏமாற்றியவர்கள் இருந்தார்கள். இன்று எண்ணைக் கேட்டு ஏமாற்றுகிறார்கள். அன்று எழுத்தறிவு காத்தது. இன்று எழுத்தறிவோடு கணினி அறிவும் வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு இப்போது விடை கிடைத்திருக்கும். கணினிக்கு ஆங்கிலம் மட்டுந்தான் தெரியும் என்பது ஒரு காலத்து நிலைமை. ஈய எழுத்துக் கோத்தவர்களும், நகரா விசை கண்டவரும், கணியன் செய்த ஆசிரியரும், கேரித் தீவிலிருந்து வந்தவரும் அந்த நிலைமையை மாற்றினார்கள். ஆங்கிலம் பிள்ளைக்கு வேண்டும், மலாயும் வேண்டும், அவற்றைக் கற்பதற்காகத் தமிழைக் கைவிட வேண்டிய கட்டாயம் கணினியால் வரவில்லை. இனி வரப்போகும் எந்திரங்களுக்கும் யாராவது தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு ஆள் நம் லயத்திலிருந்தும் வரலாம்.